ஈயக்குண்டு காட்டிய காற்று

மகள் திரேசாவைப் பிள்ளைப்பேற்றுக்கு வீட்டுக்கு அழைத்து வரத்தான் நான் திருகோணமலைக்குப் போனேன். பாட்டுக் கேட்கப் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் திரும்பி வந்ததிலிருந்து ஊரில் எல்லோரும் பாட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கு விளங்கியதை எழுதுகிறேன். விளங்கியது கொஞ்சம்தான்.

எங்கள் ஈச்சிலம்பற்றுப் பக்கத்தில் வீடு வளவு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். திரேசா ஒருத்திதான் தலைகீழாகப் புருஷனோடு பட்டினத்தில் வாடகை வீட்டில் இருக்கிறாள். மருமகன் சவிரிமுத்துவுக்குக் கடற்படைத் துறையில் தச்சு வேலை. சண்டை முடியும்வரை விட்டு வர ஏலாதாம். அதைப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் தலைப்பிள்ளை தாய் வீட்டில்தான் பிறக்க வேண்டும். அதில் நான் விட்டுக்கொடுக்க நினைக்கவில்லை. என் கணக்கில் இன்னும் மூன்று கிழமை இருந்தது. திங்கட்கிழமை லோஞ்சிப் படகில் அவளை ஏற்றிவிட்டால் போதும்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை மூதூரில் லோஞ்சி ஏறினேன். ஒரு மணித்தியாலத்தில் கரை என்றார்கள். துறைமுக வாயிலில் மட்டும் இரண்டு மணித்தியாலம் நின்றோம். நீர்மூழ்கிக் கப்பல் நுழையாதபடி கடலுக்குக் குறுக்கே இரும்பு வலை கட்டியிருக்கிறார்கள். மீனுக்கு வலை போட்டுப் பார்த்திருக்கிறேன். கப்பலுக்கு வலை போட்டதை அன்றுதான் கண்டேன். சாம்பல் நிறத்தில் பெரிய கப்பல் ஒன்று வெளியே போய் முடியுமட்டும் எங்களுக்கு வழியில்லை. நின்ற இடத்திலேயே லோஞ்சி ஆடியதில் பாதிப் பேர் கடலுக்கு முகம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஒரு சிப்பாய் ஏறி மூட்டைகளை எல்லாம் அவிழ்த்தான். என் மூட்டையில் ஊர்ப் பச்சையரிசி இரண்டு கொத்து, கொஞ்சம் கருவாடு, பிள்ளையைச் சுற்ற வெளுத்து மடித்த பழைய வேட்டித் துணிகள், பிள்ளை பெற்றவளுக்குக் கரைத்துக் கொடுக்கும் சரக்குத் தூள். சிப்பாய் தூளை மோந்து பார்த்தான். மிளகும் திப்பிலியும் மூக்கில் ஏறித் தும்மத் தொடங்கினான். இது என்ன வெடிமருந்தா என்று அவன் கேட்டதாகப் பக்கத்தில் இருந்த மூதூர் வியாபாரி சொன்னார்.

"வெடிமருந்தில்லைத் துரை, பிள்ளை பெத்த பொம்பிளையளுக்குக் குடுக்கிற மருந்து. நீங்கள் குடிச்சாலும் உடம்புக்கு நல்லம்" என்று அவரே பதிலும் சொன்னார்.

லோஞ்சி முழுக்கச் சிரித்தது. நான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். வியாபாரி பதிலை எந்தப் பாஷையில் சொன்னார் என்றுகூட எனக்கு நினைவில்லை.

பட்டினம் எனக்குப் பிடிபடவில்லை. யப்பான்காரன் குண்டு போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. கூரை இல்லாத வீடு கூரை இல்லாமலே நிற்கிறது, அதன் வாசலில் ஒருவர் கதிரை போட்டிருந்து கடலை விற்கிறார். தெரு நிறைய மாலுமிகள். எங்கள் ஊரில் ஒரு வருஷத்தில் காணும் ஆட்களை அங்கே சந்தி தாண்டுமுன் கண்டுவிடலாம். லொறி போனால் புழுதி, புழுதி அடங்குமுன் அடுத்த லொறி. பாதையைக் கடக்க நான் ஒரு பசுவுக்குப் பின்னால் நின்றேன். பசுவுக்கு மட்டும் எல்லா வண்டியும் நின்றது.

எங்களில் மாமியும் மருமகனும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. பகை இல்லை, மரியாதை. திரேசாவுக்குக் கலியாணம் முடிந்து இரண்டு வருஷத்தில் சவிரிமுத்து என்னோடு ஒரு சொல் பேசியதில்லை, நானும் அவரோடு பேசியதில்லை. அவர் உள்ளே வந்தால் நான் குசினிக் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். சொல்ல வேண்டியதை இருவரும் திரேசாவுக்குச் சொல்வதுபோலச் சொல்லுவோம். நான் ஊரிலேயே வாய் திறக்காதவள். எனக்கு இந்த முறை வசதியாகத்தான் இருந்தது.

அன்று மத்தியானம் அவர் வேலையால் வந்து வாசலில் நின்றார்.

"திரேசா, மாமி களைச்சுப்போய் வந்திருப்பா. சாப்பிடச் சொல்லு."

"நான் சாப்பிட்டிட்டன் எண்டு சொல்லு மகள்" என்றேன் கதவுக்குப் பின்னால் நின்று. "திங்கக்கிழமை லோஞ்சிக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போகவேணும் எண்டும் சொல்லு."

"ரெண்டு பேருக்கும் காது இருக்குத்தானே?" என்றாள் திரேசா. அவள் நடுவில் கதிரையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

"ஒன்பது மாதக்காரியை அந்த வலைக்குள்ளாலயும் கப்பலுக்குள்ளாலயும் கொண்டு போறதோ?" என்றார் அவர். "இஞ்ச ஆஸ்பத்திரி இருக்கு, டொக்டர் இருக்கிறார். ஈச்சிலம்பற்றில ஆர் இருக்கினம்?"

"மருத்துவிச்சி இருக்கிறா, நான் இருக்கிறன் எண்டு சொல்லு. யப்பான்காரன் குண்டு போட்டது இஞ்சதான், ஈச்சிலம்பற்றில இல்லை எண்டும் சொல்லு."

அவர் வாளியை எடுத்தார். பிறகு, "ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு முடியட்டும். அதுக்குப் பிறகு யோசிச்சுச் சொல்லுறன்" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார்.

என்ன பாட்டு என்று திரேசாவைக் கேட்டேன். கப்பல்களில் வந்திருக்கும் வெள்ளைக்காரரில் பாட்டுப் பைத்தியம் பிடித்த சிலர் சேர்ந்து, வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் மூன்று கோவில்களில் இருநூறு முந்நூறு வருஷத்துப் பழைய பாட்டுகளைப் பாடப் போகிறார்களாம். இருட்டினால் விளக்கு ஏற்றக்கூடாது என்பதால் நாலரை மணிக்கே தொடக்கம். இதற்குள் என் மருமகன் எப்படி நுழைந்தார் என்றால், ஒரு பெட்டி வாத்தியத்தால். கால் துருத்தியைக் கறையான் அரித்த ஓர் ஓர்கன் பெட்டி. வாசிக்கிறவருக்குக் கால் மிச்சமாக இருக்கட்டும் என்று சவிரிமுத்து அதற்குப் பின்புறத்தில் ஆட்டுத்தோலால் புதுத் துருத்தி கட்டி, மரப்பிடி ஒன்றும் வைத்துக் கொடுத்திருக்கிறார். பின்னால் ஓர் ஆள் நின்று பிடியை மேலும் கீழும் அடித்தால்தான் முன்னால் இருக்கிறவருக்குச் சத்தம் வரும். அந்த ஆள் அவர்தான். வேறு யார் அடித்தாலும் இழுப்புக்காரனைப் போல மூச்சு வாங்குமாம்.

வெள்ளி மாலை எங்கள் கத்தோலிக்கக் கோவில். பாட்டுக் கேட்கிறது எப்படி என்று எனக்குத் தெரியாது. கோவிலுக்குள் போனால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். ஆகவே பெண்கள் பக்கத்தில் போய் முழந்தாளிட்டேன்.

அன்றைக்கு ஓர்கன் இல்லை, வெறும் குரல்கள். இருபது மாலுமிகள் வெள்ளை உடுப்போடு நின்று லத்தீனில் பாடினார்கள். ஒருவர் தொடங்க, அவர் முடிக்குமுன் மற்றவர் அதையே தொடங்க, கிணற்றடியில் நாலு பெண்கள் ஒரே முறைப்பாட்டை ஒருவர் மேல் ஒருவர் சொல்வதுபோல இருந்தது. ஆனால் சண்டை இல்லை. அது எப்படி என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது எனக்குத் தெரிந்த சொற்கள் வந்தன. பூசையில் நாங்கள் நாள்தோறும் சொல்லும் சொற்கள். பூசைதான் நடக்கிறது என்று நினைத்து எழுந்து நின்றேன். எனக்குப் பின்னால் இருந்த பெண்கள் எல்லோரும் எழுந்தார்கள். அதைப் பார்த்து ஆண்கள் பக்கமும் எழுந்தது. முன்வரிசையில் இருந்த அதிகாரிகள் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் விளங்காமல் அவர்களும் எழுந்தார்கள்.

'பரிசுத்தர் பரிசுத்தர்' என்கிற இடம் வந்தபோது கோவில் பணியாளர் பேதுரு கை பொறுக்காமல் மணியை அடித்துவிட்டார். நாங்கள் எல்லோரும் முழந்தாளில் விழுந்தோம். பாடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவருக்குச் சிரிப்பு வந்து சுருதி தடுமாறியது. பாட்டை நடத்திய தாடிக்கார அதிகாரி மட்டும் அசையவில்லை. கையை இன்னும் மெதுவாக ஆட்டினார். அந்த மணியும் பாட்டிலேயே சேர்ந்தது என்பதுபோல.

கை தட்டக்கூடாது என்று சுவாமியார் முன்னரே சொல்லியிருந்தார். அதனால் முடிந்ததும் எனக்குத் தெரியவில்லை. ஆசீர்வாதம் வரும் என்று காத்திருந்தேன்.

"அக்கா, வீட்டை போங்கோ. பூட்டப்போறன்" என்றார் பேதுரு.

"ஆசீர்வாதம் தரேல்லையே?"

"பாட்டுக்கு ஆசீர்வாதம் இல்லையக்கா. நானே மணி அடிச்சுப்போட்டு சுவாமியாரிட்ட ஏச்சு வாங்கிக்கொண்டு நிக்கிறன்."

சனிக்கிழமை காலை திரேசாவுக்குத் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு, "புருஷன் ஏன் இவ்வளவு பிடிவாதம்?" என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரி எண்டு சொல்லுறதெல்லாம் உங்களுக்குச் சொல்லுற கதை அம்மா. ஊருக்குப் போனால் முப்பத்தொரு நாள் கழியாமல் அவரைப் பிள்ளைக்குக் கிட்ட விடமாட்டீங்களாம். அதுக்குப் பிறகும் லீவு கிடைச்சாத்தான் வரலாம். பிள்ளை இருக்கப் பழகின பிறகுதான் தகப்பன் முகம் பார்க்கிறதோ எண்டு கேக்கிறார்."

"ஆம்பிளையளுக்கு ஏன் அந்த அவசரம்?" என்றேன்.

"உங்களுக்கு விளங்காது."

எனக்கு விளங்கவில்லைதான். எங்கள் ஊரில் பிள்ளை பிறக்கிற நேரம் ஆண்கள் வயலுக்கோ கடலுக்கோ போய்விடுவார்கள். என் புருஷன் திரேசாவை முதலில் பார்த்தபோது அவளுக்குக் காது குத்தி ஆகியிருந்தது.

அன்று மெதடிஸ்தக் கோவிலுக்கு ஓர்கனை மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். சந்தியில் லொறி ஒன்று ஊதியதில் மாடு மிரண்டு வண்டியின் ஒரு சில்லு வடிகாலுக்குள் இறங்கிவிட்டது. பெட்டி விழவில்லை, ஆனால் துருத்தித் தோல் ஆணியில் மாட்டிக் கிழிந்தது. சவிரிமுத்து வீட்டுக்கு ஓடிவந்தார்.

"திரேசா, நெருக்கமா நெய்த பழந்துணி இருக்கோ? மெல்லிசா, மெத்தெண்டு?"

நான் கதவுக்குப் பின்னால் நிற்க, திரேசா என் மூட்டையை அவிழ்த்துப் பிள்ளைக்கு வைத்திருந்த துணியில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

"அது பிள்ளையின்ர எண்டு சொல்லு!" என்றேன்.

"பிள்ளை கோபிக்காதாம் எண்டு சொல்லு" என்று வாசலில் இருந்து குரல் வந்தது. ஆள் அதற்குள் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. சொல்வதற்கு ஆளில்லாமல் கருவாட்டைக் கழுவினேன்.

மாலையில் மெதடிஸ்தக் கோவிலில் எனக்குப் பக்கத்தில் எலிசா ரீச்சர் இருந்தா. திரேசாவின் அயல் வீட்டுக்காரி, மெதடிஸ்த பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவ. தாடிக்கார அதிகாரி ஒவ்வொரு பாட்டுக்கு முன்னும் சொன்னதை எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தா. அந்தத் தாடிக்காரர்தான் அன்றைக்கு ஓர்கன் வாசித்தார். இரண்டு பேர் பிடில் வாசித்தார்கள். ஒருவன் தன் உயரத்துக்குக் கிட்ட ஒரு பெரிய பிடிலை முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு மரம் அரிவதுபோல இழுத்தான். சத்தம் மட்டும் தேன்போல வந்தது.

"இதை எழுதினவர் இருநூறு வருஷத்துக்கு முந்திச் செத்துப்போனாராம்" என்றா ரீச்சர். "ஜெர்மனிக்காரராம்."

"எந்த ஜெர்மனி?"

"அதேதான் அம்மா, நாங்கள் சண்டை பிடிக்கிற ஜெர்மனிதான்."

எங்களுக்குப் பின்னால் இருந்த கிழவர் ஒருவர் முன்னால் குனிந்தார். "அவனோட சண்டையும் பிடிச்சுக்கொண்டு அவன்ர பாட்டையும் எடுத்துப் பாடுறாங்களோ? அவனுக்குத் தெரியுமோ?"

"செத்துப்போனவருக்கு எப்படித் தெரியும்?" என்றா ரீச்சர்.

"செத்தவரைக் கேக்கேல்லை. இப்ப இருக்கிறவனுக்கு."

நான் அந்தப் பாட்டு முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். நல்ல பாட்டாக இருந்ததால் எனக்கு இன்னும் குழப்பம்.

முடிந்த பிறகு மெதடிஸ்தப் பெண்கள் தேத்தண்ணி கொடுத்தார்கள். கட்டிப்பால் விட்டது, கரண்டி நிமிர்ந்து நிற்கும் இனிப்பு. ஊரில் பனங்கட்டி கடித்துக் குடிக்கிற எனக்கு இரண்டாம் கோப்பை கேட்க ஆசை, வெட்கத்தால் கேட்கவில்லை. கப்பல் சமையற்காரன் ஒருவன் பாண் ரொட்டித் துண்டுகளுக்கு நடுவில் தகரத்தில் அடைத்த இறைச்சி வைத்து நீட்டினான். தவக்காலத்தில் எப்படித் தின்கிறது? வேண்டாம் என்று எப்படிச் சொல்கிறது? வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். ரீச்சர் அதைப் பார்த்துவிட்டு, "தாங்கோ, என்ர சபையில பிரச்சினை இல்லை" என்று இரண்டு கடியில் முடித்துவிட்டா.

ஞாயிறு மாலை கடற்கரைப் பக்கத்து இங்கிலீசுக் கோவில். அதோடு மூன்று நாளும் முடிகிறது. அதற்குப் பிறகு மருமகன் முடிவு சொல்ல வேண்டும். நான் மத்தியானமே திரேசாவின் சேலைகளை மடித்து மூட்டை கட்டி வைத்தேன். திரேசா காலையிலிருந்து சாப்பிடவில்லை, அடிக்கடி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ வீட்டில படு மகள்" என்றேன்.

"இல்லையம்மா, வாறன். அவர் காற்றடிக்கிறதை நான் ஒரு நாளும் கேட்டதில்லை."

அந்தக் கோவிலில் ஆண்களும் பெண்களும் கலந்து ஒரே வாங்கில் இருக்கிறார்கள். எங்கே இருப்பது என்று தெரியாமல் நான் நடுவழியில் நிற்க, எலிசா ரீச்சர் கையைப் பிடித்துக் கடைசி வாங்கில் இருத்தினா. காற்று வரட்டும் என்று திரேசாவைக் கதவுப் பக்கம் இருத்தினேன். ஓர்கனைப் பின்சுவருக்குக் கிட்ட வைத்திருந்தார்கள். அதன் பின்பக்கத்தை ஒரு மரத் தட்டி மறைத்தது. அந்தத் தட்டிக்குப் பின்னால் மருமகன் நின்றார். எங்களுக்கு அவருடைய முழங்கை மட்டும் மேலே வந்து போவது தெரிந்தது.

கடைசிப் பாட்டு நீளமானது. ஆண்டவருடைய பாடுகளைப் பற்றிய துக்கப் பாட்டு என்று ரீச்சர் சொன்னா. ஒரு குரல் ஏதோ கேட்டது. இன்னொரு குரல் அதையே கேட்டது. பிறகு கோவில் முழுக்க எல்லோரும் கேட்டார்கள். ஒருவரும் பதில் சொல்லவில்லை. முன்வரிசையில் ஒரு வெள்ளைக்காரத் தாதி கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்தாள். ஓர் அதிகாரி தொப்பியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். திரும்பிப் பார்த்தால் திரேசாவுக்கும் கண்ணீர் ஓடுகிறது. உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறாள். பாட்டு ஏறுகிற இடத்தில் என் கையை நெரித்தாள், இறங்குகிற இடத்தில் விட்டாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. நான் பெற்ற பிள்ளை, பட்டினத்தில் இருந்து இதையெல்லாம் விளங்கிக்கொள்ளப் பழகிவிட்டாள் என்று நினைத்தேன். எனக்கும் ஏதாவது விளங்காதா என்று காதைக் கூர்மையாக்கிக்கொண்டேன். அப்போது என் பாதம் நனைந்தது.

குனிந்து பார்த்தேன். பிறகு அவளைப் பார்த்தேன்.

"எப்ப தொடங்கினது?" என்றேன் காதுக்குள்.

"விடியவே."

"ஏன்டி சொல்லேல்லை?"

"சொன்னால் ரெண்டு பேரும் லோஞ்சி, ஆஸ்பத்திரி எண்டு திருப்பித் தொடங்குவீங்கள்."

ரீச்சர் அவளைத் தாங்கி மெதுவாக வாசல் படிக்குக் கூட்டிக்கொண்டு போனா. வெளியே கடற்படை அம்புலன்ஸ் வண்டி ஒன்று நின்றது, சாரதி அதன் நிழலில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். நான் தட்டிக்குப் பின்னால் போனேன்.

சவிரிமுத்து சட்டைக் கையை மடித்துவிட்டு வியர்க்க வியர்க்க அடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு திகைத்தார். நானும் திகைத்தேன். இரண்டு வருஷத்தில் நாங்கள் இவ்வளவு கிட்ட நின்றதில்லை. யாருக்குச் சொல்வதுபோலச் சொல்வது என்று சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. கடைசியில் அந்த மரப்பிடியைப் பார்த்து, "திரேசாவுக்கு நோக் கண்டிட்டுது" என்றேன்.

"மாமி!" என்றார். அவர் கை நின்றது.

துருத்தி இறங்கியது. ஓர்கன் சத்தம் மாடு படுக்கப் போகும்போது முனகுவதுபோலக் கீழே போனது. வாசித்துக்கொண்டிருந்த தாடிக்காரரின் தோள் குலுங்கியது. நான் ஓடிப்போய் அந்தப் பிடியைப் பிடித்துவிட்டேன்.

ஏன் பிடித்தாய் என்று இங்கே எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். அது செபமா பாட்டா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பாட்டாக இருந்தால் நின்றால் நிற்கட்டும். செபமாக இருந்தால்? என் பிள்ளை நோவோடு நிற்கிற நேரத்தில் இத்தனை பேர் ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருக்கும் ஒன்றை எங்கள் வீட்டு ஆள் நடுவில் அறுத்தான் என்று வரலாமா? எனக்கு அந்த நேரத்தில் வந்த யோசனை அவ்வளவுதான்.

"நீங்கள் அவவோட போங்கோ மாமி, நான் இஞ்ச..." என்றார் அவர்.

"அந்த அம்புலன்சுக்காரனுக்கு நான் என்ன பாஷையில சொல்ல? ஆஸ்பத்திரியில என்ன பாஷையில சொல்ல?" என்றேன். இதை மரப்பிடிக்குச் சொல்லவில்லை. "எனக்குத் தமிழிலேயே கதைக்க ஏலாது. நீங்கள் போங்கோ."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. மகளின் தலைமாட்டில் நிற்க வேண்டும் என்று கடல் தாண்டி வந்தவள், அந்த இடத்தை எழுந்து கொடுத்துவிட்டேன்.

அவர் ஒரு நூலில் தொங்கிய சின்ன ஈயக்குண்டைக் காட்டினார். பெட்டியில் கரியால் இரண்டு கோடு கீறியிருந்தது.

"காற்று எவ்வளவு இருக்கெண்டு இது காட்டும் மாமி. மேல் கோட்டைத் தாண்டப்படாது, கீழ்க் கோட்டைத் தொடப்படாது. அவ்வளவுதான்."

ஓடிவிட்டார். வெளியே வண்டி முழங்கிப் புறப்பட்டது கேட்டது. பிறகு எனக்கு ஈயம் மட்டும்தான்.

நெல் குத்திய கை, அடிப்பது கஷ்டமாக இல்லை. ஆனால் உலக்கைக்கு ஒரே அளவு போதும். இதுவோ பாட்டின் போக்குக்கு மாறியது. மெதுவாகப் பாடும்போது ஈயம் அசையாமல் நிற்கும், எல்லோரும் சேர்ந்து எழும்போது கீழே சறுக்கிக்கொண்டு போகும். அப்போது நான் இரண்டு கையாலும் அடிப்பேன். பாட்டு என் காதில் விழவே இல்லை. திரேசா இப்போது எந்தச் சந்தியில் இருப்பாள், இப்போது படிகளில் ஏற்றுவார்களா, யார் அவள் முதுகைத் தடவுவார்கள் என்றே ஓடியது. பாட்டு முடிவதுபோல வந்து மறுபடியும் தொடங்கும். எத்தனை தரம் என்னை ஏமாற்றியது! முடித்துத் தொலையுங்கோ என்று ஆண்டவருடைய பாடுகளைப் பாடுகிறவர்களைப் பார்த்து மனதுக்குள் ஏசினேன். அந்தப் பாவத்தைப் பிறகு சுவாமியாரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

முடிந்ததும் எனக்குத் தெரியவில்லை. ஈயம் மேல் கோட்டைத் தாண்டிக்கொண்டு போயிற்று, நான் அடித்துக்கொண்டே இருந்தேன். தாடிக்கார அதிகாரி தட்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார். சவிரிமுத்துவுக்குக் கை கொடுக்கத்தான் வந்திருப்பார். நீட்டிய கையோடு நின்றுவிட்டார். வெளியில் இருந்து எலிசா ரீச்சர் ஓடிவந்தா. அவர் ஏதோ கேட்டார்.

"எவ்வளவு நேரமா நீங்கள் அடிக்கிறீங்கள் எண்டு கேக்கிறார் அம்மா."

"பிள்ளை பிறந்திட்டுதோ எண்டு அவரைக் கேளுங்கோ."

"அவருக்கு எப்படியம்மா தெரியும்?"

ரீச்சர் அவருக்கு எல்லாவற்றையும் சொன்னா. அவர் என்னைப் பார்த்துத் தலை குனிந்தார். பிறகு தன் ஜீப்பிலேயே எங்களை ஏற்றினார். என் சீவியத்தில் முதல் தரம் ஜீப்பில் ஏறினேன். அது எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரி விறாந்தையில் சவிரிமுத்து தனியாக நின்றார். சட்டையெல்லாம் இரத்தம். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவர்தான் என்னிடம் வந்தார்.

"பொம்பிளைப் பிள்ளை, மாமி. ரெண்டு பேரும் சுகம். உள்ளுக்கு டொக்டர் பார்க்கிறார்."

சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"இஞ்ச வந்து பிறக்கேல்லை மாமி" என்றார். "வழியில, இஞ்ச திரும்புற வளைவில, அம்புலன்சுக்குள்ளயே. சாரதி வண்டியை நிப்பாட்டிப்போட்டு மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நிண்டிட்டான். நான்தான். நான் ஒருத்தன்தான் மாமி."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். திரேசா எதைப் பிடித்துக்கொண்டாள், எப்படிக் கத்தினாள், முதலில் தலை எப்படி வந்தது, தோள் எப்படித் திரும்பியது, பிள்ளை அழுமுன் எவ்வளவு நேரம் அழாமல் இருந்தது. எந்த ஆணும் எந்தப் பெண்ணுக்கும் சொல்லாதவை. மருமகன் மாமிக்குச் சொல்லக் கேள்விப்பட்டதே இல்லை. போகிறவர் வருகிறவர் எல்லாம் எங்களைப் பார்த்தார்கள். நான் தலைப்பை இழுக்கவில்லை. நான் பார்க்காமல் விட்டதை அவர் வாயால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொல்லி முடிந்ததும் அவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாளைக்கு லோஞ்சியில ஏலாது மாமி. டொக்டர் விடமாட்டார். ஆனால் நீங்கள் எப்ப எண்டு சொல்லுறீங்களோ, அப்ப ஊருக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. முப்பத்தொரு நாளும் நான் தள்ளியே நிக்கிறன். நான்தான் பிள்ளையை முதல்ல கண்டனான்."

இரண்டு நாளாக இதைக் கேட்கத்தான் கதவுக்குப் பின்னால் நின்றேன். இப்போது கேட்டுவிட்டேன், நடுவில் திரேசா இல்லை, கதவும் இல்லை. அவர் இன்னும் நின்றுகொண்டேதான் இருந்தார்.

"முதல்ல இருங்கோ மகன்" என்றேன்.

அவர் விறாந்தை வாங்கில் இருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.